வீட்ல உக்காந்து கடல் சார்ட் பாக்க எந்த சாஃப்ட்வேர்? போட்டுப் பாத்ததுல எது நின்னுச்சு

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. மதியம் சாப்பிட உக்கார்ற நேரத்துக்கு அத்தை போன். "மாப்ள, டிவிய பாத்தியளா, அமெரிக்கால கப்பல் மோதி பாலமே விழுந்துட்டாம்லா, கப்பல்ல எல்லாம் நம்மூரு ஆளுங்கங்கான்"னு ஒரே பதட்டம். என் மச்சினன் கன்டெய்னர் கப்பல்ல செகண்ட் மேட்டா இருக்கான், ஆனா அவன் அப்ப இருந்தது வேற கப்பல், வேற கடல். அதச் சொல்லியும் அவங்களுக்கு மனசு ஆறல. பால்டிமோர்ல கீ பாலத்துல மோதுன அந்த டாலி கப்பல் கொழும்புக்குத்தான் கெளம்பிருக்கு, ஆளுங்கள்ல 20 பேர் இந்தியர், ஒருத்தர் இலங்கைக்காரர், அதக் கேட்டப்புறம் தூத்துக்குடியில யாருக்குத்தான் அது தூரத்து சேதியா இருக்கும். பாலத்து மேல ராத்திரி ரோடு வேலை பாத்துட்டு இருந்த 6 பேர் செத்துப்போனாங்க.

ரெண்டு நாள் கழிச்சு மச்சினனுக்கு நெட் கெடச்சு பேசினப்ப நான் கேட்டது ஒரே கேள்வி, அவ்ளோ பெரிய ஆத்துல கப்பல கொஞ்சம் ஒதுக்கி ஓட்டக் கூடாதாடே? அவன் சிரிச்சுட்டு "அத்தான், நீங்க டிவில பாக்குறது தண்ணி, நாங்க பாக்குறது சார்ட்டு. அமெரிக்கா சார்ட்டெல்லாம் ஃப்ரீதான், எறக்கி நீங்களே பாருங்க, அப்புறம் பேசுவோம்"ன்னான். அப்படி ஆரம்பிச்ச கிறுக்குத்தான் இது. கணக்கு எழுதுற ஆளு நான், கப்பல் ஓட்டப்போறது இல்ல. வீட்டு கம்ப்யூட்டர்ல மின்னணு கடல் சார்ட்ட, அதாவது ஆழம், மிதவை, கப்பல் போற வழி எல்லாம் குறிச்ச கடல் மேப்பத் தெறந்து பாக்கணும், காசு அதிகம் செலவாகக் கூடாது, அவ்ளோதான் வேணும். அதுக்கு என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு ஒத்துவரும்னு கிட்டத்தட்ட ஒரு வருஷமா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன்.

மொதல்ல நான் பண்ண தப்பச் சொல்லிடுறேன். எல்லாரும் பண்றதுதான். எடுத்த எடுப்புல "எந்த சாஃப்ட்வேர் நல்லது"ன்னு தேட ஆரம்பிச்சேன். அது ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி. மொதல்ல கேக்க வேண்டியது எந்தக் கடல், அந்தக் கடலோட சார்ட்டு யார் கையில இருக்கு, அவங்க அத சும்மா குடுக்குறாங்களா, பூட்டுப் போட்டு விக்குறாங்களாங்கறது. டிவிடி பிளேயர் ஆயிரம் கெடைக்கும், டிவிடி இல்லன்னா என்ன பண்ணுவீங்க, அதே கததான் இங்கயும்.

அமெரிக்கக் கடலுக்கு சார்ட்டு போடுறது நோவான்னு ஒரு அரசாங்க அமைப்பு. கடல், வானிலை ரெண்டையும் அவங்கதான் பாத்துக்குறாங்க. பேரு நல்லாத்தான் அமைஞ்சிருக்கு, பேழை கட்டுனவரும் நோவாதான். அவங்க தங்களோட எல்லா மின்னணு சார்ட்டையும் சும்மா குடுக்குறாங்க, பதிவு கூட பண்ண வேண்டாம், வாரா வாரம் திருத்தமும் வருது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு மிசிசிப்பி மாதிரி உள்நாட்டு ஆறுகளுக்குப் போடுற சார்ட்டும் ஃப்ரீ. நம்ம இந்தியக் கடல் சார்ட்டு போடுறது டேராடூன்ல இருக்கற தேசிய ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ், கடலே இல்லாத மலையடிவாரத்துல உக்காந்து கடலுக்குப் படம் போடுறாங்கன்னு மச்சினன் கிண்டல் பண்ணுவான். அந்த மின்னணு சார்ட்டு காசு குடுத்து வாங்கணும், பூட்டுப் போட்டு வரும். அதனால அமெரிக்கத் துறைமுகத்தப் பாக்க ஒரு வழி, நம்ம துறைமுகத்தப் பாக்க வேற வழின்னு இந்தக் கட்டுரையே ரெண்டா பிரிஞ்சுடும். முக்கால்வாசி அமெரிக்கா பக்கம்தான் இருக்கும், ஏன்னா சும்மா கெடைக்கறது அங்கதான்.

இன்னொரு குழி. நெட்ல பழைய பரிந்துரைகள் நெறைய கெடக்கு. சீகிளியர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃப்ரீ, பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும்னு புகழ்ந்து வச்சிருப்பாங்க. அது ராஸ்டர் சார்ட்டு மட்டும் படிக்கும். ராஸ்டர்ங்கறது பேப்பர் சார்ட்டோட படம், அவ்ளோதான், ஃபோட்டோவ பெருசாக்குற மாதிரி பெருசாக்கினா எழுத்தும் சேந்து பெருசாகும். நோவா இந்த ராஸ்டரையும் பழைய பேப்பர் சார்ட்டையும் நிறுத்தப் போறோம்னு 2019ல அறிவிச்சு கொஞ்சம் கொஞ்சமா கழட்டிவிட்டு 2024 கடைசியோட முடிச்சுட்டாங்க. ஆக படம் மட்டும் படிக்கற சாஃப்ட்வேருக்கு அங்கருந்து இனிமே தீனி இல்ல. இப்ப இருக்கறது வெக்டர், அதாவது ஒவ்வொரு மிதவையும், லைட்டும், ஆழ எண்ணும் தனித்தனி பொருளா உள்ள உக்காந்திருக்கும், தொட்டா தன்னப் பத்திச் சொல்லும். அதோட ஃபார்மேட்டுக்கு எஸ்-57ன்னு பேரு, ஃபைல் பேரு புள்ளி 000ன்னு முடியும், திருத்தம் வந்தா 001, 002ன்னு கூடவே வந்து ஒட்டிக்கும். நீங்க எடுக்கற சாஃப்ட்வேர் இந்த எஸ்-57 படிக்குதான்னு பாருங்க, படிக்கலன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் விட்ருங்க. எஸ்-101னு அடுத்த தலைமுறை வந்துட்டு இருக்கு, 2029லருந்து கப்பல்ல புதுசா மாட்டுற கருவியெல்லாம் அதையும் படிச்சே ஆகணும்னு விதி, ஆனா அதுக்காக நாம காத்துட்டு இருக்கறதுல அர்த்தம் இல்ல, எஸ்-57 இன்னும் பல வருஷம் ஓடும்.

சரி, ஒண்ணொண்ணா வர்றேன்.

எதையும் இன்ஸ்டால் பண்ண மாட்டேன், சும்மா ஒரு தடவை எட்டிப் பாத்தா போதும்ங்கறவங்களுக்கு பிரவுசரே போதும். நோவாவோட சொந்தப் பக்கத்துலயே அவங்க மின்னணு சார்ட்டு மொத்தத்தையும் தையல் போட்ட மாதிரி ஒரே படமா காட்டுறாங்க, பெருசாக்கிக்கிட்டே போனா துறைமுகம் வரைக்கும் போகலாம். அத்தைக்கு பால்டிமோர மொதல்ல நான் காட்டுனது இதுலதான். பிரிண்ட் வேணும்னா அவங்களே கஸ்டம் சார்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நடுவுல எந்த எடம் வரணும், என்ன அளவு, எவ்ளோ பெரிய தாள்னு சொன்னா பிடிஎஃப்பா பண்ணிக் குடுத்துடும். நின்னு போன பேப்பர் சார்ட்டுக்குப் பதிலா வந்தது இது, சொவத்துல மாட்டிக்க நல்லாருக்கும். நெட் போச்சுன்னா எல்லாம் போச்சுங்கறது ஒண்ணுதான் கொறை.

நேவியானிக்ஸ்காரங்களும் பிரவுசர்ல ஒரு சார்ட்டு காட்டுறாங்க, 2017லருந்து அது கார்மின் கம்பெனிக்குச் சொந்தம். கண்ணுக்கு ரொம்ப குளிர்ச்சியா இருக்கும், ஆழக் கோடுகள் அடுக்கடுக்கா வரும், உலகம் பூரா வரும், நம்ம பக்கம் உட்பட. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், அது ஒரு கம்பெனி தன் கையால தயாரிக்கற சார்ட்டு, அரசாங்க ஃபைலு அப்படியே இல்ல. அதுலயே சோனார்சார்ட்டுன்னு ஒரு வகை இருக்கு, படகுக்காரங்க சோனார்ல, அதாவது சத்தத்த அனுப்பி ஆழம் அளக்கற கருவில பதிவு பண்ணி அனுப்பற ஆழத்தையெல்லாம் சேத்துப் போடுறது. மீன் புடிக்கறவங்களுக்கு அது பொக்கிஷம். எனக்கு வேண்டியது பிரிட்ஜ்னு சொல்ற கப்பல் ஓட்டுற அறையில மச்சினன் பாக்குற அதே பார்வை, அதனால இத ஓரமா வச்சுட்டேன்.

ஓப்பன்சீமேப் 2009லருந்து இருக்கு, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்போட கடல் தம்பின்னு வச்சுக்கங்க. ஜனங்க சேந்து போடுற மேப். மிதவை, கலங்கரை விளக்கம், துறைமுக வசதி எல்லாம் ஐரோப்பா பக்கம் அழகா போட்டு வச்சிருக்காங்க. நம்ம பக்கம் போட ஆள் கம்மி. ஆழத்த எதிர்பாத்துப் போனா ஏமாந்துதான் வரணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், ஓப்பன் சிபிஎன். கடைசில என் கம்ப்யூட்டர்ல நெலையா நின்னது இதுதான், அதனால இதப் பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், ராஸ்பெரி பை மாதிரி குட்டி போர்டுலயும் ஓடும். பாய்மரப் படகுல ஊர் சுத்தற ஆளுங்க தங்களுக்காக எழுதிக்கிட்ட சாஃப்ட்வேர், அதனால வீட்ல சும்மா பாக்குறவனுக்குத் தேவையில்லாத பட்டன் நெறைய இருக்கும், கண்டுக்காதீங்க. தெறந்த உடனே இத நம்பி கப்பல் ஓட்டாதீங்கங்கற மாதிரி ஒரு எச்சரிக்கை வரும், ஒத்துக்கிட்டுத்தான் உள்ள போக முடியும். உள்ள போனா ஒரு உலக மேப், ரொம்ப மோட்டாவா கரையோரம் மட்டும் இருக்கும். இவ்ளோதானான்னு நெனச்சு மூடிட்டுப் போனவங்க நெறைய பேர் இருப்பாங்க, நானும் மொத நாள் மூடிட்டேன். சார்ட்டு நாமதான் போடணும், சாஃப்ட்வேர் வெறும் கண்ணாடி.

சார்ட்டு போட ரெண்டு வழி. ஒண்ணு, செட்டிங்ஸ்ல சார்ட்ஸ் பகுதிக்குள்ளயே சார்ட் டவுன்லோடர்னு ஒரு டேப் இருக்கு, அதுல பட்டியல் எடுத்து எந்த மாநிலம்னு தேர்ந்தெடுத்தா அதுவே எறக்கி அதுவே கணக்குல சேத்துக்கும். இன்னொண்ணு, நோவா பக்கத்துல போயி மாநிலவாரியா ஜிப் ஃபைலு எறக்கி நாமளே விரிச்சு வைக்கறது. நான் மொதல்ல ரெண்டாவது வழியில போயி, ஜிப்ப விரிக்காமலே அந்த ஃபோல்டரக் காட்டிட்டு, ஒரு மணி நேரம் ஒண்ணும் வரலியேன்னு முழிச்சுட்டு இருந்தேன். விரிச்சா உள்ள ஈஎன்சி ரூட்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரு குட்டி ஃபோல்டர். அதத்தான் செட்டிங்ஸ்ல சார்ட் டைரக்டரியா சேத்து ஸ்கேன் பண்ணச் சொல்லணும். மொத தடவை ஒவ்வொரு சார்ட்டத் தெறக்கும்போதும் கொஞ்சம் யோசிக்கும், ஏன்னா எஸ்-57ஐ தனக்குத் தோதான வடிவத்துக்கு மாத்தி வச்சுக்குது, அடுத்த தடவை சட்டுன்னு வந்துடும். எல்லாத்தையும் ஒரே மூச்சுல தயார் பண்ணி வைக்க ஒரு பட்டனும் இருக்கு, அத அமுக்கிட்டு டீ குடிச்சுட்டு வாங்க. மொத்த அமெரிக்காவையும் எறக்கணும்னு ஆசப்படாதீங்க, ஒரு மாநிலம் போதும், நான் மேரிலாண்ட்ல ஆரம்பிச்சேன்.

சார்ட்டு பேருலயே ஒரு சூட்சுமம் இருக்கு, இது தெரிஞ்சா பாதி கொழப்பம் போயிடும். மொத ரெண்டு எழுத்து நாடு, யுஎஸ்னா அமெரிக்கா. அடுத்து வர்ற ஒரு எண் 1லருந்து 6 வரைக்கும். 1னா பெருங்கடல் மொத்தம், 3னா கரையோரம், 4னா துறைமுகத்த நெருங்கற வழி, 5னா துறைமுகம், 6னா கப்பல் கட்டுற எடம் வரைக்கும். 5ன்னு இருக்கறத எறக்கினாத்தான் சுவாரசியமே. நீங்க பெரிய பரப்பக் காட்டுற ஒரு சார்ட்ட மட்டும் வச்சுக்கிட்டு அதையே உள்ள உள்ள பெருசாக்கிட்டுப் போனா ஓவர்சூம்னு காட்டும், அதுக்கு என்ன அர்த்தம்னா இதுக்கு மேல உண்மையில வெவரம் கெடையாது, நீ சும்மா ரப்பர இழுத்துட்டு இருக்கன்னு.

அப்புறம் என்ன முட்டாளாக்குன விஷயம். பால்டிமோர் வந்துடுச்சு, நீலத்துல பல நெறம், மிதவை, கோடு எல்லாம் இருக்கு, ஆனா ஆழ எண் ஒண்ணக் கூட காணோம். சார்ட்டுன்னா எறும்பு ஊர்ற மாதிரி நம்பர் சிதறிக் கெடக்கணுமே, ஃபைலு கெட்டுப்போச்சான்னு திரும்ப எறக்கினேன், திரும்பவும் அதேதான். மச்சினன் கிட்ட கேட்டா அவன் ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டான், "ஸ்டாண்டர்ட்ல வச்சிருப்பீங்க அத்தான், ஆல் போடுங்க." கப்பல்ல மின்னணு சார்ட்டக் காட்டுற எக்டிஸ் கருவிக்குன்னு எஸ்-52ன்னு ஒரு காட்சி விதி இருக்கு, அதுல பேஸ், ஸ்டாண்டர்ட், மத்த எல்லாம்னு மூணு அடுக்கு. தனித்தனி ஆழ எண்ணெல்லாம் அந்தக் கடைசி அடுக்குலதான் வருது, திரைய நெரிசலாக்கக் கூடாதுன்னு. ஓப்பன் சிபிஎன்னும் அந்த விதிய ஒட்டித்தான் வரையுது. ஆல்னு மாத்தினேன், நம்பர் கொட்டுச்சு. அதே மாதிரி கொஞ்சம் வெளிய வந்து பாத்தா சில பொருள் மறைஞ்சுடும், அதுவும் கோளாறு இல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் இந்த அளவுக்கு மேல சிறுசானா காட்டாதன்னு சார்ட்டுக்குள்ளயே எழுதி வச்சிருக்கு.

நம்பர் வந்தப்புறம்தான் மச்சினன் சொன்னது புரிஞ்சுது. எஸ்-57ல ஆழம் மீட்டர்லதான் பதிஞ்சிருக்கும், செட்டிங்ஸ்ல அடிக்கு மாத்திக்கலாம், பாகத்துக்கும் மாத்திக்கலாம். ஆமா, நம்ம கடக்கரையில பெரியவங்க "பத்து பாகத் தண்ணி"ன்னு சொல்றாங்கல்ல, ரெண்டு கையையும் விரிச்ச அளவு, 6 அடி, அதேதான் இங்கிலீஷ்காரன் பழைய சார்ட்டுல ஃபேதம்னு போட்டு வச்சிருக்கறது. அடியில வச்சுப் பாத்தேன். பால்டிமோர் துறைமுகத்துக்குள்ள போற கால்வாய் 50 அடி ஆழம், 700 அடி அகலம், அதாவது சுமார் 213 மீட்டர். டாலி கப்பலோட நீளம் சுமார் 300 மீட்டர். கால்வாய் அகலத்த விட கப்பல் நீளம்! குறுக்க திரும்பினா ரெண்டு பக்கமும் இடிக்கும். கால்வாய்க் கோட்டத் தாண்டினா நீலம் மாறுது, ஆழம் கொறையுது. பாக்க கடல் மாதிரி விரிஞ்சு கெடக்கற எடத்துல ஓடுறதுக்கு இருந்தது ஒரு சந்துதான், அதுல கரண்ட் போயி எஞ்சின் நின்னா ஒதுங்க எடம் எங்க இருக்கு. கொஞ்சம் ஒதுக்கி ஓட்டக் கூடாதான்னு கேட்ட நான் வாயப் பொத்திக்கிட்டேன். அந்தக் கால்வாய முழுசா தெறக்கவே ஜூன் 10 ஆயிடுச்சு.

எந்த எடத்துலயும் ரைட் கிளிக் பண்ணி ஆப்ஜெக்ட் குவெரின்னு போட்டா அங்க இருக்கறதோட ஜாதகமே வரும். லைட்டுன்னா என்ன நெறம், எத்தன செகண்டுக்கு ஒரு தடவ மினுக்கும். மூழ்குன கப்பல்னா அதுக்கு மேல எவ்ளோ தண்ணி. எனக்கு புடிச்சது தரக் கணக்கு, அந்தப் பகுதிய எவ்ளோ ஒழுங்கா அளந்திருக்காங்கன்னு ஏ1, ஏ2, பி, சி, டி, அப்புறம் மதிப்பிடாதது யுன்னு குறிச்சிருப்பாங்க. ஏ1னா எடம் 5 மீட்டருக்குள்ள சரியா இருக்கும், டின்னா கிட்டத்தட்ட கேள்விப்பட்டதுதான். அழகா அச்சடிச்ச மாதிரி இருக்கற நீலத்துக்குப் பின்னால இப்படி ஒரு மார்க் ஷீட்டு இருக்குன்னு தெரிஞ்சா சார்ட்டப் பாக்குற கண்ணே மாறிடும். இன்னொண்ணும் நெனப்புல வைங்க, நோவா சார்ட்டுல போட்ட ஆழம் வத்தத்த, அதாவது கடல் தண்ணி எறங்கற நேரத்த வச்சுப் போட்டது, ஒவ்வொரு நாளோட ரொம்ப தாழ்வான வத்தத்தையும் எடுத்துப் போட்ட சராசரி, கடல் ஏறும்போது நெசத்துல அத விட தண்ணி கூட இருக்கும்.

கொறை இல்லாம இல்ல. என் பழைய லேப்டாப்ல படம் விட்டு விட்டு வந்துச்சு, செட்டிங்ஸ்ல ஓப்பன்ஜிஎல் கிராஃபிக்ஸ நிறுத்தினப்புறம் ஓடுச்சு, கொஞ்சம் மெதுவா. செட்டிங்ஸ் பக்கம் ஒரு காடு. ஆண்ட்ராய்டுல ஓப்பன் சிபிஎன் இருக்கு ஆனா காசு, ஐபோன்ல கெடையாது.

அடுத்தது கியூஜிஐஎஸ். இதுவும் ஃப்ரீ, மேப் வேலை பாக்குறவங்களுக்கு நல்லா தெரியும். எஸ்-57 ஃபைல நேரா தெறக்கும். தெறந்தா ஒரு சார்ட்டு வராது, இருபது முப்பது லேயரு வரிசைகட்டி நிக்கும், எதெத எடுக்கணும்னு கேக்கும், பேரெல்லாம் டெப்பாரே, சவுண்ட்ஜி, லைட்ஸ், ரெக்ஸ்னு சுருக்கெழுத்து. எல்லாத்தையும் எடுத்தீங்கன்னா பொங்கலுக்குப் போட்ட கலர்க் கோலத்துல ஆடு நடந்த மாதிரி இருக்கும். கப்பல்காரங்க கலர், குறியீடு எதையும் அது தானா போடாது, நாமதான் பூசணும். ஆழ எண் வேணும்னா ஒவ்வொரு புள்ளியையும் பிரிச்சு ஆழத்த தனி பத்தியா சேக்கச் சொல்லி ஒரு ஆப்ஷன் குடுக்கணும், இல்லன்னா புள்ளி வரும், நம்பர் வராது. அப்ப எதுக்கு இதுன்னு கேட்டீங்கன்னா, கேள்வி கேக்கறதுக்கு. இந்தப் பகுதியில 10 மீட்டருக்கு கம்மியான எடத்த மட்டும் காட்டு, மூழ்குன கப்பல மட்டும் தனியா எடுத்து எக்செல்ல குடு, இந்த மாதிரி வேலைல ஓப்பன் சிபிஎன் கிட்ட வராது. படிக்கிற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு இதத்தான் எடுக்கணும். சும்மா பாக்குறவங்க இதுல ஆரம்பிச்சா ரெண்டாவது நாள் வெறுத்துடுவாங்க.

சர்வே பண்றவங்களுக்குன்னு கேரிஸ் ஈஸி வியூ, சீமைஈஎன்சின்னு சில இலவச வியூவர் உண்டு, விண்டோஸ்ல ஓடும். ஃபைலு சரியா இருக்கான்னு தொழில்காரங்க சரிபாக்கறதுக்குப் பண்ணது. ஒரே ஒரு சார்ட்ட சுத்தமா பாக்க நல்லாருக்கும், நூறு சார்ட்டு ஒட்டி ஊர் சுத்தறதுக்கு ஓப்பன் சிபிஎன்தான் சுகம்.

கப்பல் எங்க போகுதுன்னு காட்டுற மெரைன் டிராஃபிக் மாதிரி தளங்கள இதோட கொழப்பிக்காதீங்க. அது கப்பல் எங்கன்னு சொல்லும், அந்தக் கப்பலுக்குக் கீழ என்ன இருக்குன்னு சாதாரண மேப் சொல்லாது. நான் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சுத்தான் பாப்பேன், இதுல எடம் பாத்து அதுல ஆழம் பாக்கறது.

இப்ப நம்ம கடலுக்கு வருவோம், நெறைய பேரு கேக்கப்போறது இதத்தான். நம்ம மின்னணு சார்ட்டு எஸ்-63ன்னு ஒரு பூட்டோட வரும், கருவிக்கு ஒரு அடையாள எண், ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரு பெர்மிட், காலக்கெடு முடிஞ்சா புதுப்பிக்கணும். ஓப்பன் சிபிஎன்ல எஸ்-63க்கு ஒரு ப்ளகின் இருக்கு, ஓ-சார்ட்ஸ்னு இன்னொரு ப்ளகின் வழியா பல நாட்டு அதிகாரபூர்வ சார்ட்டத் தழுவுனத காசுக்கு வாங்கிப் போடலாம். ஆனா பொழுதுபோக்குக்கு பாக்குறவன் வருஷா வருஷம் காசு கட்டணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க, நான் கட்டல. நியூசிலாந்து மாதிரி சில நாடு ராஸ்டர் சார்ட்டையாவது சும்மா குடுக்கறாங்க, இங்கயும் ஒரு பழைய பதிப்பையாவது பசங்க படிக்கறதுக்குன்னு குடுத்தா எவ்ளோ நல்லாருக்கும்.

காசு கட்டாம நான் பண்ணது, ஜெப்கோன்னு உலகக் கடல் மொத்தத்துக்கும் ஆழக் கணக்கு ஒண்ணு ஃப்ரீயா கெடைக்குது, 1903லருந்து நடக்கற பழைய முயற்சி, அத எறக்கி கியூஜிஐஎஸ்ல போட்டேன். பாக்ஜலசந்தி எவ்ளோ மெலிசா இருக்குன்னும், மன்னார் வளைகுடால தெக்க போகப் போக தரை எப்படி திடீர்னு உள்ள எறங்குதுன்னும் அதுல பளிச்சுன்னு தெரியும். ராமர் பாலம் மேல கப்பல் ஏன் போக முடியல, எல்லாம் ஏன் இலங்கையச் சுத்திட்டு வருதுங்கறதுக்கு அத விட நல்ல படம் கெடையாது. ஆனா அது சார்ட்டு இல்ல. ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர், எங்கூரு பக்கத்துல இருக்கற வான்தீவு தேஞ்சு தேஞ்சு இன்னிக்கு இருக்கற நெலைமைக்கு அந்த ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும், படத்துல தேடினா கெடைக்காது. எங்க ஆளுங்க பேர் சொல்லி வச்சிருக்கற பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, ஒண்ணும் அதுல தெரியாது, மிதவை கெடையாது, லைட்டு கெடையாது.

ஆக யாருக்கு எதுன்னு கேட்டா, அமெரிக்கத் துறைமுகத்த ஒரு தடவை பாக்க நோவாவோட பிரவுசர் பக்கம், ருசி கண்டுட்டா ஓப்பன் சிபிஎன், கணக்குப் போட கியூஜிஐஎஸ், நம்ம கடலோட வடிவம் மட்டும் போதும்னா ஜெப்கோவும் கியூஜிஐஎஸும். போன்ல மட்டுமே பாப்பேங்கறவங்க நேவியானிக்ஸ் ஆப்புக்கு வருஷ சந்தா கட்டிட்டு நிம்மதியா இருங்க. மேக்கா விண்டோஸாங்கறத பத்தி கவலப்பட வேண்டாம், எடுக்க வேண்டிய ரெண்டும் எல்லாத்துலயும் ஓடுது.

மச்சினன் லீவுக்கு வந்தப்ப என் ஸ்க்ரீனப் பாத்துட்டு "கலரு, குறி எல்லாம் எங்க எக்டிஸ் மாதிரியேதான் இருக்கு, அலாரம் சத்தம் மட்டும்தான் இல்ல, நீங்க குடுத்து வச்சவரு"ன்னான். இப்ப திரும்ப ஜாயின் பண்ணிட்டான், கப்பல் ஹூஸ்டனுக்குப் போகுதாம். நான் டெக்சாஸ் ஜிப்ப எறக்கி வச்சுட்டேன். கால்வெஸ்டன்லருந்து உள்ள போற கால்வாய் ரொம்ப காலமா 530 அடி அகலம்தான் இருந்துச்சு, 2022லதான் 700 அடியாக்கற வேலைய ஆரம்பிச்சாங்க. அந்தக் குறுகல்ல எதிரும் புதிருமா வர்ற ரெண்டு பெரிய கப்பலும் நேருக்கு நேர் மோதற மாதிரி நடுக்கோட்டுலயே வந்து, கடைசி நேரத்துல ஆளுக்கொரு பக்கம் வெலகி, ஒண்ணோட தண்ணி ஒண்ணத் தள்ளிவிட திரும்ப நடுவுக்கு வந்துடுங்களாம், அதுக்கு டெக்சாஸ் சிக்கன்னு பேரு வச்சிருக்காங்க, கால்வாய்ல கப்பலுக்கு வழிகாட்டுற அங்கத்த பைலட்டுங்க. அத்தை நேத்து வந்து திரையில அந்த மெலிசு கோட்டக் காட்டி "இது என்ன மாப்ள, வாய்க்கா மாதிரி இருக்கு, இதுலயா போவுது"ன்னு கேட்டாங்க. ஆமா அத்தை, ஒருவழிப் பாதைதான், எதுக்க ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டேன்.